தென்காசி கண்ட பாண்டியன்

பொதிய மலையிலே பிறந்து, நெல்லை நாட்டின் வயல்களை ஊட்டி வளர்த்து, புன்னைக்காயலுக்கு அருகே கடலோடு கலக்கும் ஆறு தாமிரபரணி. பொருநை என்பது அதன் பழம்பெயர். அப்பொருநையின் துணையாறுகளுள் ஒன்று சிற்றாறு. பெயரிலே சிறுமை உண்டெனினும் பெருமையில் அது சிறியதன்று. குற்றால மலையில் அருவியாய் இறங்கி, தென்காசியின் அருகே ஆறாய் நடந்து, சீவலப்பேரிக்கு அருகில் அது பொருநையோடு கூடுகின்றது. முக்கூடற்பள்ளு என்னும் நூல் போற்றும் முக்கூடல் அவ்விடமே.

சிற்றாற்றின் கரையிலுள்ள தென்காசிக்குச் செல்வோர் ஊரை அடையும் முன்னரே ஒரு கோபுரத்தைக் காண்பர். ஒன்பது நிலைகளோடு ஏறத்தாழ 180 அடி உயரம் ஓங்கி, மேற்கு மலைத்தொடரைப் பின்னணியாகக் கொண்டு அது நிற்கின்றது. குற்றாலத்துச் சாரற் காலத்தில் கோபுர வாயிலைக் கடந்து உள்ளே செல்வோரைத் தென்றல் வந்து தழுவும். அவ்வளவு பெரிய கோபுரத்தையும் அதனுள் அமைந்த காசி விசுவநாதர் கோயிலையும் எடுப்பித்தவன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன்.

மாணவர்களே! பேரரசு ஆண்டவன் பெருங்கோயில் எடுத்தான் என்றால் அதில் வியப்பொன்றும் இல்லை. பராக்கிரம பாண்டியனோ பேரரசன் அல்லன். மூதாதையர் ஆண்ட மதுரையை இழந்து, தெற்கே ஒதுங்கிய ஒரு மரபிலே தோன்றியவன். அவன் ஆட்சி பரப்பாற் சிறியது. ஆயினும், தன் கோயிற் சுவரிலே அவன் பொறித்து வைத்த சொற்கள், பரந்த நிலம் ஆண்ட மன்னர் பலருடைய சொற்களைவிட நெஞ்சைத் தொடுகின்றன. அவன் என்ன சொன்னான், ஏன் சொன்னான், யாருக்குச் சொன்னான் என்பதை அறிவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

மதுரையை இழந்த மரபு

பதின்மூன்றாம் நூற்றாண்டிலே பாண்டியரின் கொடி உயரப் பறந்தது. 1251-ஆம் ஆண்டில் பட்டமேறிய முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியன் வடக்கே நெல்லூர் வரையிலும் தன் வெற்றியை நாட்டினான். அவனுக்குப் பின் வந்த மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், வெனிசு நகரத்து வணிகனாகிய மார்க்கோ போலோ பாண்டி நாட்டுக்கு வந்தான். அந்நாட்டின் முத்துக்குளிப்பையும் கடல் வாணிகத்தையும் கண்டு வியந்து எழுதினான்.

உயர்ந்த கொடி நெடுநாள் நிலைக்கவில்லை. குலசேகரன் மைந்தராகிய சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காகத் தம்முட் பகைத்துப் போரிட்டனர். வீட்டிலே பகை மூண்டால் வெளியார்க்கு வாயில் திறந்து விட்டதாகும் அன்றோ? 1311-ஆம் ஆண்டில் தில்லிச் சுல்தானின் படைத்தலைவன் மாலிக் காபூர் மதுரை வரையிலும் வந்து பெரும்பொருளைக் கைக்கொண்டு மீண்டான். பின்னர் மதுரையில் சுல்தான்களின் தனியரசு தோன்றி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நடந்தது. 1371-ஆம் ஆண்டளவில் விசயநகரத்து இளவரசனாகிய குமார கம்பணன் மதுரையை வென்றான். அரசு கைமாறியது, ஆனால் அது பாண்டியர் கைக்கு மீளவில்லை.

சங்கம் வளர்த்ததாகப் போற்றப்படும் மாநகரை இழந்த பாண்டியர் தெற்கு நோக்கி நகர்ந்து, பொருநை நாட்டிலே கால் ஊன்றினர். அதற்குக் காரணம் அந்நிலத்தின் இயல்பிலேயே உள்ளது. மேற்கே மலைத்தொடர் அரணாக நின்றது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டினாலும் பொருநை நீர் பெற்றது. ஆகவே, கார், பிசானம் என்னும் இருபோகமும் விளைந்தன. மழை பொய்த்த ஆண்டிலும் இந்நாட்டிலே நெல் முற்றிலும் பொய்ப்பதில்லை. நெல் உள்ள நாட்டில் படையும் நிற்கும், பாவலரும் நிற்பர், சிற்பியரும் நிற்பர். சிறிய அரசு ஒன்று பெரிய கோயில் ஒன்றைக் கட்ட எவ்வாறு இயன்றது என்னும் வினாவுக்குப் பொருநையும் சிற்றாறுமே முதல் விடையாகும்.

பராக்கிரம பாண்டியன்

இம்மரபிலே தோன்றிய சடையவர்மன் பராக்கிரம பாண்டியன் 1422-ஆம் ஆண்டில் ஆட்சிக்கு வந்து, 1463 வரை நாற்பத்தோராண்டுகள் அரசு புரிந்தான். அரிகேசரி என்பது அவனுடைய சிறப்புப் பெயர். பொன்னின் பெருமாள், மானகவசன் என்னும் பெயர்களும் அவனுக்கு உண்டு. மானகவசன் என்றால் மானத்தையே கவசமாகப் பூண்டவன் என்பது பொருள். கோட்டையும் மாநகரும் கைவிட்டுப் போன ஒரு குலத்திற்கு எஞ்சிய கவசம் மானம் ஒன்றே என எண்ணினால், அப்பெயரின் அழகு விளங்கும்.

பழைய அரசர்களின் கல்வெட்டுத் தொடக்கத்தில் அவர்தம் வெற்றியையும் புகழையும் எடுத்துரைக்கும் பகுதிக்கு மெய்க்கீர்த்தி என்று பெயர். பராக்கிரம பாண்டியனுக்கும் மெய்க்கீர்த்தி உண்டு. மலைக்கு அப்பாலிருந்து வந்து பொருத சேர மன்னரைச் சங்கரன்கோயில், திருக்குற்றாலம் முதலிய இடங்களில் அவன் வென்றான் என்று அது கூறுகின்றது. இவை யாவும் தென்காசிக்கு அண்மையில் உள்ள ஊர்கள் என்பதை நோக்குக. முன்னோர் நெல்லூரிலும் ஈழத்திலும் போர் செய்தனர். இவனோ தன் வீட்டு வாயிலிலேயே போர் செய்ய வேண்டியிருந்தது. அஃதே அவன் காலத்துப் பாண்டியர் நிலை. வடக்கே விசயநகரப் பேரரசு ஓங்கி நின்றது. அதன் மேலாண்மைக்கு அடங்கிய காலத்திலும் தன் நாட்டின் தன்மை கெடாதவாறு அவன் காத்து வந்தான்.

அவன் வாழ்ந்த காலத்தை உலக வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தல் நன்று. அக்காலத்தில் விசயநகரத்தை இரண்டாம் தேவராயனும், ஈழத்தில் கோட்டை அரசை ஆறாம் பராக்கிரமபாகுவும் ஆண்டனர். தமிழகத்தில் அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய நூற்றாண்டும் அதுவே. 1453-இல் கான்சுடாண்டினோபிள் நகரம் துருக்கியர் கைக்குச் சென்றது. அதனையொட்டிய ஆண்டுகளில் செர்மனி நாட்டுக் கூடன்பர்க்கு தம் அச்சுப்பொறியிலே விவிலியத்தை அச்சிட்டு வெளிப்படுத்தினார். அங்கே சொல் தாளில் ஏறிய அதே காலத்தில், இங்கே சிற்றாற்றங்கரையில் சொல் கல்லில் ஏறிக்கொண்டிருந்தது.

தெற்கே ஒரு காசி

காசிக்குச் சென்று கங்கையில் நீராடி விசுவநாதரை வழிபடுதல் நம் நாட்டு மக்கள் பலருக்கு நெடுநாளைய வேட்கை. இக்காலத்தில் புகைவண்டியில் ஏறினால் ஓரிரு நாட்களில் காசியை அடையலாம். அக்காலத்திலோ பொருநைக் கரையிலிருந்து காசிக்குச் செல்வோர் மாதக்கணக்கில் நடந்தனர். காடும் ஆறும் கள்வரும் நோயும் இடையிலே நின்றன. சென்றவர் எல்லாரும் மீண்டவர் அல்லர். செல்வமும் உடல்வலியும் உடையோர்க்கே அரிதாயிருந்த பயணம் ஏழைக்கு எவ்வாறு கிட்டும்? உழுது உண்ணும் குடியானவனும் முதுமையுற்ற தாயும் காசிநாதனைத் தம் ஊரிலேயே காணல் வேண்டும் என்னும் கருத்திலே பிறந்தது தென்காசி.

இதனைப் பற்றிச் செவிவழிச் செய்தி ஒன்று நெல்லை நாட்டில் வழங்குகின்றது. ஒருநாள் இறைவன் பாண்டியன் கனவிலே தோன்றி, ‘எறும்புகள் சாரையாகச் செல்லும் வழியைத் தொடர்ந்து செல்க, அச்சாரை முடியும் இடத்தில் எனக்குக் கோயில் எடுப்பாயாக’ என்று அருளினானாம். விடிந்ததும் அரசன் எறும்புச் சாரையைக் கண்டான். அதன் பின்னே நடந்தான். சிற்றாற்றங்கரையிலே செண்பக மரங்கள் சூழ்ந்த சோலையில் சிவலிங்கத்தைக் கண்டான் என்பர். இது வரலாற்றுச் சான்று உடைய செய்தியன்று. மக்கள் வாய்மொழியாகப் போற்றி வரும் கதை. ஆயினும், அரசனுக்கு வழிகாட்டியது யானையன்று, சிங்கமன்று, எறும்பு என்று சொன்ன அந்த மக்களின் உள்ளம் போற்றத்தக்கது. சிற்றுயிர் பல கூடி வரிசை பிறழாமல் உழைத்தால் பெருஞ்செயல் முடியும் என்பதைக் கோயில் கட்டியோர் நன்கு அறிந்திருந்தனர் போலும்.

இனிச் சான்றுடைய செய்திக்கு வருவோம். கோயிற்பணி சகம் 1368-இல் தொடங்கியது. சகம் என்பது பழங்கல்வெட்டுகளில் பெரிதும் வழங்கும் ஆண்டுக் கணக்கு. அதனோடு 78-ஐக் கூட்டினால் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். 1368-உடன் 78-ஐக் கூட்டுக, 1446 வருகின்றது. கல்வெட்டுகளைப் படிப்போர் இவ்வாறே காலத்தைக் கணிக்கின்றனர். 1446-இல் தொடங்கிய பணியில் கருவறையும் மண்டபங்களும் மதிலும் படிப்படியாக எழுந்தன. காசி விசுவநாதருடன் உலகம்மைக்கும் சந்நிதி அமைந்தது. திருவோலக்க மண்டபத்துத் தூண்களிலே வீரபத்திரர், தாண்டவமூர்த்தி, காளி, மன்மதன், இரதி முதலிய சிற்பங்களை இன்றும் கண்டு மகிழலாம். ஒவ்வொன்றும் ஆள் உயரத்திற்கு மேற்பட்டது. தூணோடு ஒரே கல்லில் வடித்தது. உளி சற்றே பிறழ்ந்தாலும் தூண் முழுவதும் பாழாகும் என்பதை எண்ணினால் சிற்பியின் கைத்திறம் புலனாகும்.

கல்லிலே வைத்த வேண்டுகோள்

கோயிற்பணி தொடங்கிப் பதினோராண்டு கழித்து, 1457-ஆம் ஆண்டில், பெருங்கோபுரத் திருப்பணியைப் பராக்கிரம பாண்டியன் தொடங்கினான். அப்போது அவன் அரசு கட்டிலேறி முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒன்பது நிலைக் கோபுரத்தைத் தன் வாழ்நாளில் கண்டுவிட முடியுமா என்னும் ஐயம் முதுமை நெருங்கிய எவர்க்கும் எழுவது இயல்பே. தொடங்கியவன் முடிப்பது உறுதியில்லை; முடித்தாலும் காப்பது உறுதியில்லை. தன் முன்னோர் கட்டிய மதுரைக்கு நேர்ந்த நிலை அவன் நெஞ்சில் இல்லாமற் போகுமா?

அவன் தன் உள்ளத்தை வெண்பாவும் கலித்துறையும் போன்ற பாட்டு வடிவிலே கல்லில் வைத்தான். அப்பாடல்கள் கோயிலில் பொறிக்கப் பெற்றுள்ளன. அவற்றின் கருத்தை மட்டும் இங்கே உரைநடையிற் கூறுவோம்.

ஒரு பாட்டிலே, ‘வயல்வளம் மிக்க தென்காசியில் இக்கோயில் அமைந்தது தெய்வத்தின் செயல், என் செயல் அன்று’ என்கிறான். மேலும், ‘இதனை இன்னும் விரிவுபடுத்திக் காப்பவர் எவரோ, அவர் அடியில் வீழ்ந்து, அவர் ஏவிய பணியைச் செய்வேன்’ என்று கூறுகின்றான். முடி சூடிய மன்னன் ஒருவன், இன்னும் பிறவாத ஒருவருக்கு ஏவலாளாக நிற்பேன் என்கிறான்.

மற்றொரு பாட்டு இதனினும் உருக்கமானது. ‘வரத்தகாத குறை ஏதேனும் இக்கோயிலுக்கு வந்துவிட்டால், அப்போது அக்குறையை நீக்கிக் காப்பவர் யாராயினும் சரி, அவரை உலகம் அறிய இப்போதே பணிந்தேன்’ என்பது அதன் கருத்து. ‘யாராயினும்’ என்னும் சொல்லை உற்று நோக்குக. என் குலத்தான் காக்க வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. இன்ன சமயத்தான், இன்ன சாதியான், இன்ன நாட்டான் என்று வரையறுக்கவில்லை. வென்றவனாயினும் தோற்றவனாயினும், அரசனாயினும் ஆண்டியாயினும், காப்பவன் எவனோ அவனுக்கு வணக்கம் என்றான்.

இதன் அருமையை உணர வேண்டுமானால், பழைய அறக்கட்டளைக் கல்வெட்டுகளின் முடிவைப் படித்துப் பார்த்தல் வேண்டும். கோயிலுக்கு நிலமோ விளக்கோ வழங்கியவர் தம் அறம் நிலைத்தற்பொருட்டு, அதற்குக் கேடு செய்வோர் மீது சாபம் இடுவது பெருவழக்கு. கங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்றவன் புகும் நரகில் அவர் புகுவர் என்று பல கல்வெட்டுகள் அச்சுறுத்தும். காப்பவரின் அடியைத் தலைமேற் கொள்வதாகக் கூறும் வழக்கமும் உண்டு. மரபிலிருந்த இவ்விரண்டு வழிகளுள் பராக்கிரம பாண்டியன் இப்பாடல்களில் தேர்ந்துகொண்டது பணிவின் வழி. அச்சத்தால் ஓர் அறம் சில காலம் நிற்கலாம். அன்பினாலும் மதிப்பினாலுமே நெடுங்காலம் நிற்கும். படையும் நாடும் சுருங்கிய அரசனுக்குச் சாபத்தை நிறைவேற்றும் வலிமை ஏது? ஆனால், வணக்கத்திற்கு வலிமை வேண்டுவதில்லை; நல்லுள்ளம் போதும். இனி வருவோர் மனத்தைக் கட்டும் கயிறு அதுவே என அவன் அறிந்திருந்தான்.

மேல்நாட்டில் ஓர் அரசன்

பராக்கிரம பாண்டியன் காலத்திலேயே இங்கிலாந்து நாட்டை ஆண்டவன் ஆறாம் ஹென்றி என்னும் அரசன். இருவர் வாழ்வையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வியப்பான ஒற்றுமைகள் தோன்றும். பாண்டியன் ஆட்சிக்கு வந்த 1422-ஆம் ஆண்டிலேயே ஹென்றியும் அரசனானான். அப்போது அவன் ஒன்பது மாதக் குழந்தை. தந்தை போரிலே புகழ்பெற்ற ஐந்தாம் ஹென்றி. அவன் வென்ற பிரெஞ்சு நாட்டுப் பகுதிகளும் மகனுடைய உரிமையாயின. ஆனால், மகனுக்குப் போரில் மனம் செல்லவில்லை; வழிபாட்டிலும் கல்வியிலுமே மனம் சென்றது. அவன் 1440-இல் ஈட்டன் பள்ளியையும், 1441-இல் கேம்பிரிட்ஜ் நகரில் அரசர் கல்லூரியையும் நிறுவினான். 1446-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அக்கல்லூரிக்கு ஒரு பெருங்கோயில் கட்ட அடிக்கல் நாட்டினான். தென்காசிக் கோயில் தொடங்கிய ஆண்டும் அதுவே! ஒருவரை ஒருவர் கேட்டும் அறியாத இரண்டு மன்னர்கள், ஒரே ஆண்டில், உலகின் இரு கோடிகளில், இரண்டு கோயில்களுக்குக் கல் எடுத்து வைத்தனர்.

ஹென்றியின் வாழ்வு துன்பத்தில் முடிந்தது. 1453-இல் கலே துறை நீங்கலாகப் பிரெஞ்சு நாட்டு நிலங்கள் யாவும் கைவிட்டுப் போயின. அதே ஆண்டில் அவன் மனநோயுற்று நெடுநாள் நினைவின்றிக் கிடந்தான். அரச குடும்பத்தின் இரு கிளையினர் அரியணைக்காகப் பொருதனர். பாண்டிய உடன்பிறந்தார் செய்த பிழையையே அவர்களும் செய்தனர். உரோசாப் பூப் போர்கள் என்று அவற்றை வரலாற்றாசிரியர் அழைப்பர். 1461-இல் ஹென்றி அரசிழந்தான். 1470-இல் சில மாதங்கள் மீண்டும் அரசனானான். 1471-இல் இலண்டன் கோட்டைச் சிறையில் உயிர் துறந்தான். கேம்பிரிட்ஜ்க் கோயிலோ அரைகுறையாக நின்றது.

ஆனால், அக்கோயில் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை நீள அகல அளவுகளோடு 1448-ஆம் ஆண்டிலேயே அவன் எழுதி வைத்திருந்தான். அவனுக்குப் பின் வந்த அரசர் பலர் காலத்தில் பணி விட்டுவிட்டு நடந்தது. எட்டாம் ஹென்றி ஆண்ட காலத்தில், 1515-ஆம் ஆண்டில், விசிறிபோல் விரியும் கல்விதானத்தோடு கற்பணி முற்றுப்பெற்றது. உலகோர் கண்டு வியக்கும் கட்டடமாக அஃது இன்றும் விளங்குகின்றது. அரசனாக ஹென்றி தோற்றான் என்று வரலாறு கூறும். அவன் வைத்த கல் தோற்கவில்லை.

முடித்து வைத்த தம்பி

பராக்கிரம பாண்டியனும் தன் கோபுரத்தை முழுமையாகக் காணவில்லை. தொடங்கிய ஆறாம் ஆண்டில், 1463-இல், அவன் மறைந்தான். அவன் பிரிவை ஆற்றாமல் பாடிய பாட்டொன்றும் கோயிற் கல்லிலே உள்ளது. ‘அறுபத்து மூன்று நாயன்மாரின் கூட்டத்திலே சேர்ந்தானோ? கயிலை மலைக்குச் சென்றானோ? தில்லைப் பொன்னம்பலம் புகுந்தானோ? வேதத்திலே கலந்தானோ? விசுவநாதனின் திருவடியிலே அடங்கினானோ?’ என்று அப்பாட்டு வினவுகின்றது. அவன் வென்ற போர்களையோ ஆண்ட ஊர்களையோ அது நினைவுகூரவில்லை. எங்கே போனான் என்று ஏங்குகின்றது. ஓர் அரசனைக் குடிகள் எதனால் நினைப்பர் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர்ந்தவன் அவன் தம்பி குலசேகர பாண்டியன். அண்ணன் வாழ்ந்த காலத்திலேயே அரசில் பங்கு கொண்டு துணைநின்றவன் அவன். கோபுரத்தை முடித்து, அண்ணன் எண்ணத்தை நிறைவேற்றினான். ஒரு காலத்தில் உடன்பிறந்தார் பகையால் மதுரை போயிற்று. பின்னொரு காலத்தில் உடன்பிறந்தார் அன்பால் தென்காசிக் கோபுரம் எழுந்தது. பாண்டியர் வரலாற்றிலே இவ்விரு நிகழ்ச்சிகளையும் இணைத்து எண்ணுவோர்க்கு ஒற்றுமையின் பயனைத் தனியே எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இவர்களுக்குப் பின்னும் தென்காசிப் பாண்டியர் மரபு பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீண்டது. அம்மரபிலே தோன்றியவரே நைடதமும் காசி காண்டமும் பாடிய அதிவீரராம பாண்டியர். நீங்கள் இளமையிற் கற்ற வெற்றிவேற்கையும் அவர் நூலே. பிரமோத்தர காண்டம் இயற்றிய வரதுங்கராம பாண்டியரும் அம்மரபினரே. நிலம் சுருங்கிய காலத்தில் அம்மன்னர் தமிழை விரித்தனர். வாள் எடுத்து மீட்க இயலாத பெருமையை எழுத்தாணி எடுத்து நிலைநாட்டினர் எனலாம்.

கோபுரம் சிதைந்ததும் எழுந்ததும்

வரத்தகாத குறை வந்தால் என்று பராக்கிரம பாண்டியன் அஞ்சினான் அல்லவா? அக்குறை வந்தே விட்டது. காலத்தின் கொடுமையால் பெருங்கோபுரத்தின் மேல்நிலைகள் சிதைந்தன. நடுவே பிளவுபட்டு, இருபுறமும் பாதிச் சுவர்கள் மட்டுமே நெடுங்காலம் நின்றன. கட்டிய குலமோ அழிந்து போயிற்று. கேட்பார் எவர்?

இதனை எழுதுவோன் சிறுவனாயிருந்தபோது கண்டது அந்தப் பிளந்த கோபுரமே. கல்லிடுக்கில் செடி முளைத்திருந்தது, புறாக்கள் குடியிருந்தன. தமிழ் கற்பித்த ஆசிரியர் கோயிற் சுவரருகே நிறுத்தி, பாண்டியன் பாட்டை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கச் செய்து, அதன் பொருளைச் சொன்னார். சொல்லிவிட்டு அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தார். வேறொன்றும் கூறவில்லை. பாட்டின் பொருள் அன்றுதான் முழுவதும் விளங்கிற்று.

பின்னர் நாட்டு மக்கள் கூடினர். சிவந்தி ஆதித்தனார் முன்னின்று முயன்றார். செல்வர் பொருள் தந்தனர். தொழிலாளர் உழைப்பைத் தந்தனர். ஒன்பது நிலைகளும் மீண்டும் எழுந்து, 1990-ஆம் ஆண்டில் குடமுழுக்கு நிகழ்ந்தது. பாண்டியன் பாட்டு எழுதி ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அவன் ‘யாராயினும்’ என்று சொன்னானே, அவர்கள் வந்துவிட்டனர். அரசர் அல்லர், அவன் குலத்தவரும் அல்லர், பொதுமக்கள். அவர்களுக்கு உரிய வணக்கத்தை அவன் முன்கூட்டியே செலுத்தியிருந்தான். 2019-ஆம் ஆண்டில் நெல்லை மாவட்டத்திலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமாயிற்று. ஊரின் அடையாளம் யாது என்று கேட்டால் எவரும் காட்டுவது அக்கோபுரத்தையே.

மாணவர்களே! கோபுரம் எழுந்துவிட்டது, ஆகவே வேண்டுகோள் நிறைவேறிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். குறை ஒருமுறை வந்து ஒழிவதன்று. பழங்கோயிற் சுவர்களிலே தம் பெயரைக் கீறி வைப்பவர் இன்றும் உண்டு. அவர் கீறுவது வெறுங்கல் அன்று. அங்கே ஐந்நூறு ஆண்டு, ஆயிரம் ஆண்டுப் பழமையான எழுத்து ஒன்று இருக்கலாம். சுண்ணம் பூசியும் எண்ணெய் தடவியும் மூடிவிட்ட கல்வெட்டுகள் பலவாகும். ஓர் எழுத்துச் சிதைந்தால் ஒரு சொல் போகும். ஒரு சொல் போனால் ஒரு செய்தி போகும். அச்செய்தியைச் சொல்ல வேறொருவர் இரார். உங்கள் ஊர்க் கோயிலோ, மசூதியோ, தேவாலயமோ, பழங்குளமோ, அதன் சுவரிலும் மடையிலும் பழைய எழுத்து இருந்தால் அதனைத் தீண்டாது காத்தலே பெரும்பணி. படிக்கக் கற்றுக்கொள்ளுதல் அதனினும் பெரும்பணி.

தென்காசிக்குச் செல்லும்போது கோபுர வாயிலில் சிறிது நேரம் நில்லுங்கள். சிற்றாற்றின் மேல் தவழ்ந்து வரும் காற்று உங்களைத் தழுவும். உள்ளே சென்று பாண்டியன் பாடல்களைத் தேடிக் கண்டு, கூட்டிப் படித்துப் பாருங்கள். தன் கோயிலைக் காப்பவர் அடியை வணங்குவதாக ஓர் அரசன் அங்கே எழுதியிருக்கின்றான். அவ்வணக்கத்தைப் பெறும் தகுதி உங்களுள் எவருக்கும் உண்டு. அதற்கு முடி வேண்டுவதில்லை, காக்கும் மனம் ஒன்றே வேண்டும்.